ரொட்டாலா சிவந்திருக்கிறது

ரங்கூன்,
ஞாயிறு மாலை

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவும் நானும் நலம். போனில் பேசினால் பாதி வார்த்தை விழுந்துவிடுகிறது. போன வாரம் நான் "சிவப்பு" என்று சொன்னது உனக்குச் "சிரிப்பு" என்று கேட்டதாம், ஏன் சிரிக்கிறாய் என்று கோபித்துக்கொண்டாய். பக்கத்துத் தெருப் பையன் வெள்ளிக்கிழமை சிங்கப்பூர் வருகிறான். சரி, எழுதியே கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். புது மீன்தொட்டி அழகாய்த்தான் இருக்கிறது. தண்ணீருக்குள் வளர்க்கிற அந்த ரொட்டாலாச் செடி மட்டும் கொத்தமல்லிக் கட்டு மாதிரி பச்சையாய் நிற்கிறது. நம் வீட்டில் மட்டும் எப்படிச் சிவந்தது என்று கேட்டாய். இந்த இரண்டடித் தொட்டியை என் தலையில் கட்டிவிட்டுப் போகும்போது ஒரு தாள் நிறைய உத்தரவு எழுதிச் சுவரில் ஒட்டினாயே, அதில் ஒன்றை நான் செய்யாமல் விட்டேன். அதனால் சிவந்தது.

வாரத்துக்கு மூன்று நாள் நைட்ரேட் உரம் ஊற்று என்று எழுதியிருந்தாய். பாட்டில் தீர்ந்தது. கடையில் விலையைக் கேட்டேன், சும்மா திரும்பி வந்துவிட்டேன். நுண்சத்துப் பாட்டில் மட்டும் மிச்சம் இருந்தது, அதை மறக்காமல் ஊற்றிவந்தேன். மூன்று வாரம் போயிருக்கும். ஒரு நாள் காலையில் பார்த்தால் கொழுந்தெல்லாம் ரோஜா நிறம். அப்புறம் செம்பு நிறம். நான் பயந்துபோய், செடி கருகுகிறது என்று எதிர்வீட்டு சயாமாவை, அதான் அந்த டீச்சரம்மாவை, கூட்டி வந்தேன். தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர் இல்லையா, தொட்டியைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

இலையில் பச்சையம் உண்டாக நைட்ரஜன் வேண்டும். அது குறைந்தால் பச்சை குறையும். மேலே விளக்கு மட்டும் அதே வேகத்தில் அடித்துக்கொண்டிருக்கும். அந்த வெளிச்சம் இலையைச் சுடாமல் இருக்க, அந்தோசயனின் என்ற சிவப்பைச் செடியே குடை மாதிரி பிடித்துக்கொள்கிறதாம். நமக்கு அழகு, அதற்கு வெயில் தடுப்பு. ரொட்டாலாவும் மருதாணியும் மாதுளையும் ஒரே குடும்பம் என்றும் சொன்னார். அதைக் கேட்ட பிறகு எனக்கு அந்தச் செடிமேல் தனிப் பிரியமே வந்துவிட்டது.

ஆனால் பிள்ளையையும் செடியையும் பசியோடு வைக்க எனக்கு வராது என்று உனக்குத் தெரியும். மனது கேட்காமல் இரண்டு முறை மீனுக்கு அள்ளிப் போட்டேன், தொட்டி திரும்பப் பச்சையாகிவிட்டது. மீன் கழிவும் நைட்ரஜன்தானே. சரி என்று அடக்கிக்கொண்டு ஒரேயடியாகப் பட்டினி போட்டேன். மூன்றாவது மாதம் கொழுந்து கடுகளவு சுருங்கி, அடி இலையில் பாசி பிடித்தது. இப்போது உரம் வாங்கி, வாரத்துக்கு ஒரு முறை, நீ சொன்னதில் பாதி ஊற்றுகிறேன். உன் சோதனைக் குப்பியில் பார்த்தால் நைட்ரேட் லிட்டருக்கு 5 மில்லிகிராம் பக்கம் காட்டுகிறது. அதற்கு மேல் போனால் பச்சை, தீர்ந்தே போனால் சுருக்கம்.

உன் தொட்டிக்கு இரண்டே மாதம்தான் ஆகிறது. கடையில் வாங்கிய சத்து மண் வேறு போட்டிருக்கிறாய். அந்த மண்ணே முதல் சில மாதம் தண்ணீருக்குள் நைட்ரஜனை விட்டுக்கொண்டிருக்கும். நீ உரம் ஊற்றாவிட்டாலும் செடி விருந்து சாப்பிடுகிறது. இப்போது அதை அவசரப்படுத்தாதே. தண்ணீரை மாற்றிக்கொண்டே இரு, மண் களைத்த பிறகு பார்.

முன்னால் வைத்திருக்கிறாயே அகல இலைக்காரி, ஆல்டர்னாந்தரா, அவளைப் பட்டினி போடாதே. அவள் நம் பொன்னாங்கண்ணியின் தங்கை. அந்தச் சிவப்பு வேறு வகை, பீட்ரூட்டில் இருக்கிற பெட்டாலெய்ன். சிவப்புத் தண்டுக்கீரையை வேகவைத்தால் தண்ணீர் சிவக்குமே, அதேதான். நன்றாகச் சாப்பிட்டாலும் சிவப்பாகவே இருப்பாள், பட்டினி கிடந்தால் கட்டையாகிவிடுவாள்.

இரும்புச் சத்து ஊற்றினால் சிவக்கும் என்று நீதான் முன்பு சொல்லிக்கொண்டிருந்தாய். அப்படியானால் நம் கிணற்றுத் தண்ணீருக்கு என் வாளி மட்டும்தான் சிவந்திருக்கிறது! துருவாகப் படிந்த இரும்பைச் செடியால் எடுக்க முடியாதாம். கரைந்தே இருக்கும்படி பாட்டிலில் விற்கிறார்களே, அது வேண்டும். அதுவும் சிவப்புக்காக இல்லை. இரும்பு குறைந்தால் புதுக் கொழுந்து வெளிறிப்போகும், அதைத் தடுக்கத்தான்.

விளக்கு விஷயம் உனக்கே தெரியும். மேலே மிதக்கும் செடியை மட்டும் பாதி அள்ளி வெளியே போடு, நிழலில் எதுவும் சிவக்காது. வெறும் வெள்ளை எல்இடியில் இருக்கிற சிவப்பும் மங்கித் தெரியும். சிவப்பு, நீலம் கலந்த விளக்கு என்றால் கண்ணுக்குத் தனியாகத் தெரியும்.

இங்கே என் கஷ்டம் கரண்ட்தான். எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்ல முடியாது. செடிக்குக் கரியமில வாயு விட உனக்கு அங்கே சிலிண்டரும் தானாக மூடும் வால்வும் இருக்கிறது. எனக்குச் சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்ட பாட்டில்தான். அது எந்நேரமும் வாயு விட்டுக்கொண்டே இருக்கும். ஒரு ராத்திரி கரண்ட் போய், ஃபில்டரும் நின்று, விடிந்து பார்த்தால் மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. இருட்டில் செடியும் மூச்சுவிடும், மீனுக்குப் போட்டியாக. பாதித் தண்ணீரை மாற்றிக் காப்பாற்றினேன், இரண்டு போய்விட்டன. அதிலிருந்து விளக்கு அணைந்ததும் குழாயை வெளியே எடுத்துவிடுகிறேன். போனவை உன் ஷான் மலை மீன்கள், 2006இல் ஹொபோங் பக்கம் கண்டுபிடித்தார்கள் என்று பெருமையாகக் காட்டுவாயே, அந்தப் புள்ளி போட்டவை. மலைக் குளிர்ச்சியில் பிறந்ததற்கு ரங்கூன் சித்திரை வெயில் ஒத்துவருமா? தண்ணீர் 31 டிகிரி தொட்டது, மேசை விசிறியைத் தண்ணீர்மேல் திருப்பி வைத்தேன், இரண்டு டிகிரி இறங்கியது. நீ அடுத்த முறை இந்த ஊர்ச் சூட்டைத் தாங்கும் மீனாகப் பார்த்து வாங்கு.

இதை உனக்குச் சொன்னதில்லை. பெகு பக்கம் எங்கள் ஐயா வயலில் களை எடுக்கும்போது, இந்த ரொட்டாலா சாதியைத்தான் பிடுங்கி வரப்பில் எறிவோம். அங்கே தண்ணீருக்கு மேலே நின்று, வட்ட இலையோடு இளஞ்சிவப்பாய்ப் பூத்திருக்கும். தண்ணீருக்குள் முழுகினால்தான் இலை இப்படி ஒடுங்குகிறது. கடையில் வாங்கினதும் இலை கரைந்ததே என்று நீ கவலைப்பட்டாயே, அது வெளியில் வளர்ந்த வட்ட இலை. போகட்டும் விடு, முழுகி வருகிற புது இலைதான் நிற்கும்.

நேற்று உயரம் வெட்டினேன். நுனியை நாலு விரற்கடை நறுக்கி, ஒவ்வொன்றாக இரண்டு சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டேன். அடித்தண்டு வெளிச்சம் படாமல் மொட்டையாகிவிட்டது, அதைக் கொட்டாமல் முற்றத்துச் சேற்றுத் தொட்டியில் குத்தி வைத்தேன். அப்பா பார்த்துவிட்டு, வயலை விட்டு வந்தும் நடவு விடவில்லையே என்றார். செடியைக் கொடுத்தனுப்பு என்று மட்டும் கேட்காதே, விமான நிலையத்தில் அந்தப் பையனுக்கு வம்பு வரும்.

பையில் லப்பெத்தும் (ஊறவைத்த தேயிலை) மிளகாய் வறுவலும் வைத்திருக்கிறேன். எண்ணெய் கசியும், வாங்கினதும் நிமிர்த்தி வை. வரும்போது நீள இடுக்கி ஒன்று வாங்கி வா. நீ விட்டுப்போனது துருப்பிடித்துவிட்டது.

அன்புடன்,
அம்மா