ஆறாம் நம்பர் பையனப் பத்தி பாப்பாவுக்கு ஒரு லெட்டர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுறேன். இங்க நானும் அம்மாவும் நல்லா இருக்கோம். அம்மாவுக்கு பிரஷர் கன்ட்ரோல்ல இருக்கு, முழங்கால் வலி மட்டும் மழை நாள்ல கூடிடுது. போன மாசம் ஆலங்கட்டி மழையில கார் பானெட் பூரா குழி விழுந்துடுச்சு, இன்சூரன்ஸ்ல வந்து பார்த்துட்டுப் போயிருக்காங்க. பெரியப்பா வீட்டுக் கல்யாணம் ஆவணிக்கு தள்ளிப் போச்சு. வேற விசேஷம் இல்ல. நீ சாப்பிடுறியா? வாட்சப்ல என்ன போட்டாலும் ரெண்டு டிக்கும் நீலமாகுது, பதில் மட்டும் வர மாட்டேங்குது. அம்மாவுக்காவது ஒரு கட்டைவிரல் அனுப்புற, எனக்கு அதுவும் கிடையாது. அதான் பேப்பர் பேனா எடுத்துட்டேன், இதையாவது நீ உனக்கு தோணுற நேரத்துல நிதானமா படிப்ப.

எந்த ஆஸ்பத்திரியில ரெசிடென்சி ட்ரெயினிங்னு எல்லாருக்கும் தெரிஞ்ச அந்த வெள்ளிக்கிழமை, உனக்கு மட்டும் இடம் அமையாத விஷயத்தப் பத்தி பேச வேண்டாம்னு நீ சொல்லிட்ட. சரி, பேச மாட்டேன். நான் நம்ம ஆறாம் நம்பர் பையனப் பத்தி பேசத்தான் வந்தேன்.

பிப்ரவரியில நியூ ஆர்லியன்ஸ்ல சூப்பர் பவுல், அதான் அமெரிக்கன் ஃபுட்பால் ஃபைனல், நடந்துச்சே, மூணாவது குவார்ட்டர்ல ஜேலன் ஹர்ட்ஸ் தூக்கி எறிஞ்ச பந்த நம்ம ஆறாம் நம்பர் டிவான்டா ஸ்மித் புடிச்சு, எல்லைக் கோட்டத் தாண்டி 46 யார்டு டச்டவுனா மாத்துனப்போ நீ எனக்கு போன் போட்டு கத்துன பாரு, நம்ம டஸ்கலூசா பசங்க ரெண்டு பேருப்பா, நம்ம பசங்கப்பான்னு. நான் கடைசியா கேட்ட உன் சிரிப்பு அதுதான். அதுக்கப்புறம் நீ பேசுனதெல்லாம் ம், சரி, அப்புறம் கூப்பிடுறேன், அவ்வளவுதான். அதனாலதான் அவன் காலேஜ்ல ஆடுன நாலு வருஷத்தையும் இந்த மாசம் பூரா ராத்திரி உக்காந்து திரும்பத் திரும்ப வீடியோ போட்டுப் பார்த்துக்கிட்டு இருக்கேன். அம்மா வந்து டிவிய அணைக்கச் சொல்றா, ஆனா அவளும் பக்கத்துல உக்காந்து பார்த்துட்டுத்தான் போறா.

உனக்கு தெரியாததா, நீங்க ரெண்டு பேரும் ஒரே வருஷம்தான டஸ்கலூசாவுல அலபாமா யுனிவர்சிட்டில சேர்ந்தீங்க, 2017. அவன் லூசியானாவுல ஏமீட்னு ஒரு சின்ன ஊர்ல இருந்து வந்தான், நீ ஹன்ட்ஸ்வில்ல இருந்து ரெண்டு பெட்டியும் ஒரு ரைஸ் குக்கரும் தூக்கிக்கிட்டுப் போன. அந்த முதல் சீசன்ல அவன் மொத்தமா புடிச்சதே 8 கேட்ச்தான். வருஷம் பூரா 8! அவன்கூடவே சேர்ந்த ஜெர்ரி ஜூடி, ஹென்றி ரக்ஸ் பேர்தான் எங்க பார்த்தாலும் அடிபட்டுச்சு. இவன் ஒல்லிக்குச்சி, 170 பவுண்டு அளவுதான் இருப்பான், காத்தடிச்சா பறந்துடுவான் போலருக்கேன்னு அம்மா சொல்வா. நீ அந்த முதல் செமஸ்டர்ல கெமிஸ்ட்ரில சி வாங்கிட்டு டாக்டருக்கெல்லாம் நான் லாயக்கில்லப்பான்னு அழுதது எனக்கு ஞாபகம் இருக்கு, உனக்கு இருக்கான்னு தெரியல.

அப்புறம் 2018 ஜனவரி 8, அட்லான்டா. ஜார்ஜியாகூட ஃபைனல். பாதி ஆட்டத்துல 13-0ன்னு பின்னாடி இருந்தோம், பந்து எறியுற ஜேலன் ஹர்ட்ஸ உக்கார வச்சிட்டு அந்த இடத்துல டுவாவ இறக்குனார் கோச் சேபன். ஓவர்டைம்ல ஜார்ஜியா ஃபீல்ட் கோல் அடிச்சு 23-20. நம்ம பக்கம் முதல் பிளேவுலேயே டுவாவ பந்தோட மடக்கிட்டாங்க, 16 யார்டு பின்னாடி போயிட்டான், செகண்ட் அண்ட் 26, அதாவது ரெண்டாவது முயற்சி, இன்னும் 26 யார்டு போகணும். முடிஞ்சு போச்சுன்னு நான் எந்திரிச்சு சமையக்கட்டுக்குப் போயிட்டேன், நீ டார்ம்ல இருந்து போன்ல, அப்பா இருங்க இருங்கன்னு. டுவா முதல்ல வலது பக்கம் பார்க்குறான், பின்னாடி காவல் நிக்குற சேஃப்டி அந்தப் பக்கமே நகர்றான், நம்ம பையன் இடது கோட்ட ஒட்டி ஓடிக்கிட்டே இருக்கான், பந்து வர்ற வரைக்கும் யாரும் இவனப் பார்க்கல, 41 யார்டு, டச்டவுன், 26-23. அந்த ஃபைனல்ல அவனுக்கு வந்த ஒரே கேட்ச் அதுதான் பாப்பா. அதுவரைக்கும் ஆட்டம் பூரா அவன் கைக்கு பந்தே வரல, ஆனா இறங்குன ஒவ்வொரு பிளேவுலயும் ஓடியிருக்கான். அந்த வீடியோவ நான் பந்த விட்டுட்டு அவன் கால மட்டும் பார்த்துப் பார்த்தேன், பந்து வராத பிளேவுலயும் அதே வேகம்.

நீ சாப்பிடுறியான்னு கேட்டேனே, சொல்லு. சீரியல்ல பால ஊத்திக் குடிச்சுட்டு அதுதான் சாப்பாடுன்னு சொல்லாத. அந்த ரூம்ல ஜன்னல் திரையையாவது விலக்கி விடு, வெளிச்சம் வரட்டும்.

2019ல ஓல் மிஸ், அதான் மிசிசிப்பி யுனிவர்சிட்டிகூட நடந்த மேட்ச், நாம மூணு பேரும் பிரையன்ட்-டென்னி ஸ்டேடியத்துல பார்த்தோம். செப்டம்பர் கடைசி, அந்த வெயில்ல அம்மா துப்பட்டாவ தலையில போட்டுக்கிட்டு உக்காந்திருந்தா. அன்னைக்கு அவன் 11 கேட்ச், 274 யார்டு, 5 டச்டவுன். குறுக்க ஒரு ஸ்லான்ட் ஓடி நெஞ்சுக்கு நேரா பந்த வாங்குவான், அடுத்த ரெண்டு எட்டுல பின்னாடி வர்றவன் காணாமப் போயிடுவான், திரும்பத் திரும்ப அதே கதை. பக்கத்து சீட்ல இருந்த வெள்ளைக்காரப் பாட்டி அம்மா கையப் புடிச்சுக்கிட்டு குதிச்சாங்களே. அந்த சீசன் முடியுறப்போ அவன் கணக்கு 1,256 யார்டு, 14 டச்டவுன்.

இப்பதான் நான் சொல்ல வந்த இடத்துக்கு வர்றேன். அந்த சீசன் முடிஞ்சதும் ஜூடியும் ரக்ஸும் புரொபஷனல் டீமுங்க ஆள் எடுக்குற டிராஃப்டுக்குப் போயிட்டாங்க, இவன் மட்டும் இன்னொரு வருஷம் இருக்கேன்னு சொல்லிட்டான். 2020 ஏப்ரல், லாக்டவுன், நீ வீட்டுக்கு வந்திருந்த, சோஃபாவுல உக்காந்து டிராஃப்ட் பார்த்தோம். ரக்ஸ் 12வது, ஜூடி 15வது. கூட வந்தவங்க ரெண்டு பேரும் முதல் ரவுண்டுல போயாச்சு, கோடி கோடியா பணம், இவன் இன்னும் காலேஜ்ல பை தூக்கிக்கிட்டு நிக்குறான், இவனுக்கு என்னப்பா பைத்தியமான்னு நீதான் கேட்ட. அவனுக்கு அந்த ஏப்ரல்ல எப்படி இருந்திருக்கும்னு நான் இப்பதான் யோசிக்குறேன். அவனா முடிவெடுத்து தங்குனான், அது வேற, தெரியும். எல்லாருக்கும் அந்த முடிவு தன் கையில இருக்குறதில்ல, அதுவும் தெரியும். ஆனா கூட்டாளிங்க மூட்டை கட்டிக்கிட்டுப் போறதப் பார்த்துக்கிட்டு ரூம்ல தனியா இருக்குறது ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானம்மா.

2020 சீசன் ஆரம்பத்துல கூட, அவன்கூட ஆடுன ஜேலன் வாடில்தான் பெரிய பேரு. அக்டோபர் 24 டென்னசி மேட்ச்ல முதல் கிக்காஃப்லயே வாடிலுக்கு கணுக்கால் போச்சு. அதுக்கப்புறம் எல்லா டீமும் இவன் ஒருத்தனையே குறி வச்சு மறிச்சாங்க, எதிர் டீம் உதைச்ச பந்தப் புடிச்சு ஓடுற பன்ட் ரிட்டர்ன் வாடில் செஞ்சுக்கிட்டிருந்தான்ல, அதுவும் இவன் தலையில விழுந்துச்சு, அதையும் முகம் சுளிக்காம எடுத்துக்கிட்டான், ஆர்கன்சா மேட்ச்ல 84 யார்டு ஓடி டச்டவுன். டிசம்பர் 5 எல்.எஸ்.யு (லூசியானா ஸ்டேட் யுனிவர்சிட்டி) மேட்ச், அவன் பொறந்த மாநிலத்துல, ஸ்டிங்லி மாதிரி ஒரு தடுப்பாட்டக்காரன் மேலேயே ஒட்டிக்கிட்டு இருக்கான், இவன் எகிறி ஒத்தக் கையால பந்தப் பறிச்சு எண்ட் சோன் கோட்டுக்குள்ள கால வச்சான் பாரு. அத நான் ஸ்லோ மோஷன்ல எத்தன தடவ பார்த்தாலும் அந்தக் கை எப்படி அவ்வளவு தூரம் நீளுதுன்னு புரியல. அந்த மேட்ச்ல மட்டும் 231 யார்டு. சீசன் மொத்தம் 117 கேட்ச், 1,856 யார்டு, 23 டச்டவுன். 2021 ஜனவரி 5 அன்னைக்கு, காலேஜ் ஃபுட்பால்ல அந்த வருஷத்தோட சிறந்த ஆட்டக்காரனுக்கு கொடுக்குற ஹெய்ஸ்மன் டிராஃபி. 1991ல டெஸ்மண்ட் ஹவர்டுக்கு அப்புறம் இவன மாதிரி ஓடிப் போய் பந்து புடிக்குற எந்த வைட் ரிசீவருக்கும் கிடைக்காதது. அன்னைக்கு அவன் பேசுனது உனக்கு ஞாபகம் இருக்கும், உருவத்துல பெருசா இல்லாத, பலசாலியா இல்லாத சின்னப் பசங்களுக்குத்தான் சொன்னான், தொடர்ந்து முயற்சி பண்ணுங்கன்னு. நீ மெடிக்கல் காலேஜ் இன்டர்வியூவுக்கு நடுவுல உக்காந்து அதப் பார்த்துட்டு கண்ணத் தொடச்ச, நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

ஆறு நாள் கழிச்சு ஃபைனல், ஒஹாயோ ஸ்டேட். இதுதான் எனக்கு ராத்திரியெல்லாம் மனசுல ஓடுது. முதல் பாதியிலேயே 12 கேட்ச், 215 யார்டு, 3 டச்டவுன். ரெண்டாவது பாதி ஆரம்பத்துல விரல் பிசகிடுச்சு, உள்ள போயிட்டான், அப்புறம் ஆடவே இல்ல. கடைசில கையில கட்டோட வெளிய வந்து நின்னான், மேட்ச் 52-24, தாக்கி ஆடுறவங்கள்ல சிறந்த ஆட்டக்காரன் விருதும் அவனுக்குத்தான். பாதி ஆட்டம் உக்காந்துட்டான்னு யாராவது அந்த 215 யார்ட அழிச்சாங்களா? காலேஜ விட்டுப் போறப்போ 235 கேட்ச், 3,965 யார்டு, 46 டச்டவுன். யார்டுலயும் டச்டவுன்லயும், எஸ்.இ.சிங்குற நம்ம தென்கிழக்கு காலேஜ் லீக் வரலாத்துலேயே அதுவரைக்கும் யாரும் தொடாத கணக்கு. டச்டவுன்ல அமாரி கூப்பரோட 31தான் அதுக்கு முன்னாடி பெருசு, அத எவ்வளவு தூரம் தாண்டிட்டான் பாரு. அத்தனையும் வச்சிருந்தும் டிராஃப்ட்ல வாடில் 6வது போனான், ஹெய்ஸ்மன் வாங்குன இவன் 10வது. எடை கம்மின்னு ஆளாளுக்கு பேசுனாங்க. ஒரு நாள்ல ஒரு அறையில உக்காந்து யாரோ போடுற வரிசை அது, நாலு வருஷம் அவன் ஓடுனது தனிக் கணக்கு.

மே மாசம் பட்டமளிப்புக்கு நீங்க யாரும் வர வேண்டாம், நானும் போகலன்னு அம்மாகிட்ட சொன்னியாம். அம்மா எங்கிட்ட சொல்லாம வச்சிருந்து நேத்துதான் சொன்னா, சொல்லிட்டு அழுதா. எனக்கு கோவம்தான் வந்துச்சு பாப்பா, மறைக்கல. இத எங்கிட்ட நேரா சொல்ல உனக்கு என்ன தயக்கம்? கூடப் படிச்சவங்க எந்த ஊரு எந்த ஆஸ்பத்திரின்னு பேசிக்கிட்டு நிப்பாங்க, அதுல நின்னு என்ன சொல்றதுன்னு நினைக்குற, அது எனக்குப் புரியாம இல்ல. மதுரையில இருந்து உங்க அத்தை கூப்பிட்டு எந்த ஊர்ல போட்டிருக்காங்கன்னு கேட்டா, இந்த வருஷம் அமையல, செப்டம்பர்ல மறுபடி அப்ளை பண்ணுவான்னு நேராவே சொல்லிட்டேன், குரல் ஒண்ணும் தாழல எனக்கு. அப்படியாண்ணே, பேத்திய ஒரு தடவ வந்துட்டுப் போகச் சொல்லுங்கன்னு ஆச்சி கேக்குதுன்னா, அவ்வளவுதான், உலகம் ஒண்ணும் இடிஞ்சு விழல.

பேச மாட்டேன்னு சொல்லிட்டு பேசிட்டேன். சரி, பேசுனது பேசுனதாவே இருக்கட்டும்.

நாலு வருஷம் ராத்திரி பகல் பார்க்காம நீ படிச்ச, வார்டுல நின்ன, கோவிட் வார்டு வாசல்ல இருந்து வீடியோ கால்ல எனக்கு கை காட்டுன, எம்.டி.ங்குற ரெண்டு எழுத்து மே மாசம் உன் பேருக்குப் பின்னாடி வருது. அத யாரும் எந்த வெள்ளிக்கிழமையும் எடுத்துக்க முடியாது. எங்க ரெண்டு பேருக்கும் அந்த ஹாலுக்குள்ள நீ கவுன் போட்டு நடக்குறதப் பார்க்கணும். எனக்கு அது வேணும்மா. உனக்காகன்னு சொல்லல, எனக்காக கேக்குறேன்.

நான் லீவு எழுதிக் கொடுத்துட்டேன். சிகாகோ வரைக்கும் கார்லயே வர்றோம், அம்மாவுக்கு ஃப்ளைட்ல கால் மடக்கி உக்கார முடியாது. அம்மா அந்த அரக்கு கலர் பட்டு எடுத்து வெளிய வச்சிருக்கா. கவுனுக்கு பணம் கட்ட கடைசி தேதி எப்பன்னு பாரு, தாண்டிப் போயிருந்தா எனக்கு சொல்லு, நான் ஆபீஸுக்கு போன் பண்ணி பேசுறேன். வரவே வேண்டாம்னு இன்னமும் நினைச்சா அத அம்மா மூலமா சொல்லி அனுப்பாத, எனக்கு போன் போட்டு நீயே சொல்லு. எந்த ராத்திரி ஆனாலும் எடுப்பேன்.

சாப்பிடு. தூங்கு. ஜன்னல் திரைய விலக்கு.

இப்படிக்கு,
அப்பா

பி.கு: பார்சல்ல பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், அந்த முறுக்கு எல்லாம் அம்மா வச்சிருக்கா. புளிக்காய்ச்சல் வந்த உடனே ஃப்ரிட்ஜ்ல வச்சிடு, வெளியவே விட்டுடாத. உன் பழைய ஆறாம் நம்பர் ஜெர்சி உன் அலமாரிலதான் இருக்கு, வேணும்னா சொல்லு, வர்றப்போ எடுத்துட்டு வர்றேன்.