எத்தனை பேருக்கு என்று நீ எழுதவில்லை

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் மெயில் வந்தது. இவ்வளவு நாள் கழித்து நீ எழுதியது அடுப்பைப் பற்றி என்பதில் எனக்குச் சந்தோஷம்தான். அம்மாதான், "அவ்வளவுதான் எழுதியிருக்காளா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அவ்வளவுதான் என்றேன். போனிலேயே பேசி முடித்திருக்கலாம். நீ எடுப்பதில்லை, எடுத்தாலும் மீட்டிங் என்கிறாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். அவசரப்படாமல் படி.

உன்னிடம் இருக்கிற செராமிக்குக்கு, அதாவது அந்தத் தடித்த சுட்டமண் சுவர் கரி அடுப்புக்கு, துணையாக இரண்டாவதாக எந்தக் கரி அடுப்பு வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். அதற்கு முதலில் பதில். கெட்டில் கிரில் வாங்கு. எனாமல் பூசிய தகடு, உருண்டையான மூடி, மூன்று கால். சாதாரண கெட்டில் போதும்.

ஏன் என்றால், செராமிக் இருக்கிற வீட்டில் இரண்டாவதாக வாங்குவது, முதலாவதற்கு வராத வேலையைச் செய்ய வேண்டும். பெரும்பாலானவர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். முதல் அடுப்பில் பிடித்துப்போன அதே விஷயத்தை இன்னொரு வடிவத்தில் வாங்கி வந்து வைக்கிறார்கள். புகையில் மெதுவாக வேகவைக்கும் டிரம் ஸ்மோக்கர், மின்விசிறி வைத்துத் தானே சூட்டைப் பார்த்துக்கொள்ளும் கரி கிரில் எல்லாம் நல்ல சாமான்கள்தான். ஆனால் மெதுவான சமையலுக்கு உன்னிடம் இருப்பதே போதும். பக்கவாட்டில் விறகுப் பெட்டி வைத்த ஆஃப்செட் பக்கம் போகவே போகாதே. அதற்கு முழுநாளும் ஒரு ஆள் பக்கத்திலேயே நின்று விறகு போட வேண்டும்.

செராமிக்கின் குணத்தை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ராத்திரி முழுக்க 110 டிகிரியில் நிறுத்திவைத்து, காலையில் மூடியைத் திறந்து போட்டோ அனுப்பினாயே, அதை நான் யார் யாருக்கெல்லாம் காட்டினேன் என்று அம்மாவைக் கேள். தடித்த சுவர் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்வதால் உள்ளே கொஞ்சம் காற்று போனால் போதும். ஒருமுறை கரி நிரப்பினால் 12 மணி நேரத்துக்கு மேல் தாங்கும். ஆனால் 110-க்கு வைக்கப் போய் 180-ஐத் தாண்டிவிட்டால், காற்று வழியை அடைத்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். நெருப்பு அடங்கினாலும் சுவர் அடங்காது. சூடேறினால் லேசில் இறங்காத விஷயத்தில் அது உன்னைப் போல.

அப்புறம் உள்ளே அகலம் இல்லை. உன்னுடையது 46 செ.மீ. தட்டு, கரி ரொம்பக் கீழே இருக்கிறது. கரியை ஒரு பக்கம் ஒதுக்கி, மறுபக்கத்தைச் சூடு குறைவாக வைத்துக்கொள்வது அதில் பேருக்குத்தான் நடக்கும். சுற்றுச் சுவரிலிருந்தும் சூடு அடிப்பதால் எந்த மூலையும் முழுசாக ஆறுவதில்லை. 57 செ.மீ. கெட்டிலில் அந்தத் தொல்லை கிடையாது. பதினொரு செ.மீ. தானே கூட என்று நினைக்காதே, பரப்பில் அது கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. கோழித் தொடையைத் தோல் கீழே இருக்கும்படி நெருப்புக்கு மேல் வைக்கிறாய். கொழுப்பு சொட்டிக் குப்பென்று தீ எழுகிறது. இடுக்கியால் அப்படியே மறுபக்கம் தள்ளி, மூடியைப் போட்டு, மேல் துவாரம் கோழிக்கு நேரே வரும்படி திருப்பிவிடு. அனலும் புகையும் இறைச்சியைத் தாண்டித்தான் வெளியே போகும். எலும்பு ஓரத்தில் 74 டிகிரி காட்டினால் எடுத்துவிடலாம்.

வேலை முடித்து வந்து கரி மூட்டிச் சாப்பிட வேண்டுமென்றால் செராமிக் ஒத்துவராது. அதன் சுவர் சூடேறி நிலைக்கவே முக்கால் மணி நேரம் ஆகிவிடும். கெட்டிலுக்கு ஒரு கரிச் சிம்னி வைத்துக்கொள், கரியைப் பற்றவைக்கிற தகரக் குழாய் அது. அடியில் காகிதத்தைக் கசக்கிப் போடு, மேலே கரியை நிரப்பு, காகிதத்தைப் பற்றவை. முதலில் கண்ணைக் கரிக்கும் வெள்ளைப் புகை வரும். பிறகு புகை மெலிந்து, உள்ளே சிவப்பு ஏறி, மேல்வரிசைக் கரியின் விளிம்புகளில் சாம்பல் பூக்கும். அப்போது கொட்டிவிடு. கால் மணி நேரத்திலிருந்து இருபது நிமிஷம், அவ்வளவுதான். பற்றவைக்கும் எண்ணெய் எதிலும் வேண்டாம், செராமிக்கில் வேண்டவே வேண்டாம். அந்த வாடை சுவரில் ஏறினால் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. கெட்டிலில் பிரிக்கெட், அதாவது கரித்தூளை அழுத்திச் செய்த கட்டிகள், போடலாம். செராமிக்கில் கட்டைக்கரி மட்டும் போடு, பிரிக்கெட்டின் சாம்பல் காற்று ஓட்டைகளை அடைத்துவிடும்.

இந்தக் கெட்டில் பிறந்த கதை எனக்குப் பிடித்த கதை. சிகாகோவில் நீரில் மிதக்கவிடும் உருண்டை மிதவைகள் செய்த உலோகப் பட்டறை ஒன்றில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர், காற்றும் மழையும் தன் திறந்த கிரிலைப் பாழாக்குகிறதே என்று, 1952-இல் ஒரு மிதவையை இரண்டாக வெட்டினார். ஒரு பாதி அடுப்பு, ஒரு பாதி மூடி. அதற்குப் பிறகு எவ்வளவோ வந்தாயிற்று, வடிவம் பெரிதாக மாறவில்லை. உன் செராமிக் வேறு வழியில் வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் அங்கே பார்த்த மண் அடுப்புகளைக் கொண்டுவர, 1974-இல் அட்லாண்டாவில் பிக் கிரீன் எக் கம்பெனி தொடங்கியது. இதையெல்லாம் மாப்பிள்ளையிடம் முன்பே சொல்லியிருக்கிறேன், உன்னிடம் சொன்னேனா என்று நினைவில்லை.

இரண்டையும் சேர்த்து எரித்தால்தான் வாங்கியதன் அருமை தெரியும். தடித்த இறைச்சித் துண்டைச் செராமிக்கில் 110 டிகிரியில் வைத்து, உள்ளே 50 வந்ததும் எடுத்துக் கெட்டிலின் கொதிக்கிற கங்குக்கு மேல் பக்கத்துக்கு ஒரு நிமிஷம் காட்டு. ஓரம் முதல் நடுவரை ஒரே நிறம், மேலே மட்டும் மொறுமொறு. அதற்கு இரண்டு பேர் நின்றால் சௌகரியம். தெர்மாமீட்டரைப் பிடிப்பது எப்போதும் மாப்பிள்ளை வேலையாக இருந்தது. அன்றைக்கு மூடியைச் சட்டென்று தூக்கிப் புருவத்தைக் கருக்கிக்கொண்டதை நினைத்து அம்மா இன்றைக்கும் சிரிக்கிறாள். காற்றில்லாமல் அமுங்கிக் கிடக்கிற நெருப்புக்கு ஒரேயடியாகக் காற்று கிடைத்தால் சீறத்தான் செய்யும். இரண்டு விரல் அளவு தூக்கி, சில நொடி விட்டு, பிறகு திற. தனியாக நிற்கும்போது ரொம்பக் கவனம்.

இனி நீ போட்ட நிபந்தனைகளுக்கு வருகிறேன். தனியாகத் தூக்க முடிய வேண்டும், காரில் ஏற வேண்டும், சின்ன இடத்தில் அடங்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். உன் வீட்டுப் பின்பக்கத்தில் நாலு கிரில் வைக்கலாம், நான் பார்த்திருக்கிறேன். சரி, காரணம் இருக்கும். 57 செ.மீ. கெட்டில் 15 கிலோ சுமார், கால்களைக் கழற்றிவிடலாம். 47 செ.மீ. அளவிலும் வருகிறது, ஒருவருக்கும் இருவருக்கும் தாராளம். 37 செ.மீ. குட்டியும் உண்டு. அதில் கரியை ஒதுக்க இடமில்லை, ஆகவே என் ஓட்டு அதற்கு இல்லை. எத்தனை பேருக்குச் சமைக்கப் போகிறாய் என்று நீ எழுதவில்லை. அது தெரியாமல் அளவு சொல்ல முடியாது, பாப்பா.

வார்ப்பு அலுமினியத்தில் நீள்சதுரமாக வரும் கிரிலைப் பற்றியும் கேட்டிருந்தாய். நல்ல சாமான். துருவே பிடிக்காது, நீள்வடிவம் என்பதால் கரியை ஒரு கோடியில் குவிப்பது இன்னும் சுலபம். கனம்தான் அதிகம். தனியாகத் தூக்க வேண்டும் என்று நீ சொல்லாமலிருந்தால் நான் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

ஜப்பானியக் கொன்ரோ வேண்டாம். மேஜை மேல் வைக்கிற அந்த நீளப் பெட்டி, கம்பியில் குத்திச் சுடுவதற்கு அதை மிஞ்ச ஒன்றுமில்லை. கரிக்கும் இறைச்சிக்கும் நடுவே இருக்கும் இடைவெளி அவ்வளவு குறைவு. ஆனால் அதில் போடுகிற பின்சோடான் கரி பற்றிக்கொள்ள நேரமெடுக்கும், பெட்டி நனையக் கூடாது. என் பயம் வேறு. மேஜை மேல் வைக்கிற அளவு சின்னதாக இருந்தால், மழை வந்தால் உள்ளே எடுத்து வரத் தோன்றும். மூடிய பால்கனியில் வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். உணவகங்களில் உள்ளேதானே வைத்திருக்கிறார்கள் என்று சொல்வாய். அவர்கள் தலைக்கு மேல் காற்றை உறிஞ்சும் பெரிய கூண்டு இருக்கிறது.

கரி எதையும் கூரைக்குக் கீழே எரிக்காதே. ஜன்னலைத் திறந்து வைத்தேன் என்பதெல்லாம் கணக்கில் சேராது. புகை நின்று கங்கு அழகாகச் சிவந்திருக்கிறதே, அப்போதும் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டுதான் இருக்கும். மணம் கிடையாது, நிறம் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், அப்புறம் தூக்கம். அசதி என்று நினைத்துப் படுத்துவிடுவோம். பக்கத்தில் ஆள் இருந்தால் என்ன ஆச்சு என்று எழுப்பவாவது செய்வார்கள். படுக்கை அறைக்கு வெளியே அந்த வாயுவுக்கான அலாரம் ஒன்று மாட்டு. நீ இருக்கும் இடத்தில் ஏற்கெனவே இருக்கிறதா, பேட்டரி இருக்கிறதா, பொத்தானை அழுத்திப் பார்த்தாயா?

இதை நான் ஏற்கெனவே சொல்லியிருப்பேன். இன்னும் சொல்வேன்.

கடைசி வரியில், செராமிக்கை வேறு இடத்துக்குக் கொண்டுபோனால் உடையுமா என்று கேட்டிருந்தாய். போகிற போக்கில் கேட்பது போல. முறையாகச் செய்தால் உடையாது. முதல் நாளே சூடில்லாமல் ஆறவிடு. உள்ளே இருக்கும் தட்டு, தடுப்புக் கல், வளையம், நெருப்புப் பெட்டி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் சுற்று. பிறகு கீழ்க் காற்று வாயில் ஒரு கை, அடியில் ஒரு கை கொடுத்துத் தூக்க வேண்டும். பின்பக்கத்து கீலைப் பிடித்துத் தூக்கவே கூடாது. அந்த அளவு அடுப்பு 70 கிலோவுக்கு மேல் கனக்கும், இரண்டு பேர் இல்லாமல் தொடாதே. அந்த இரண்டாவது ஆள் யார் என்று நான் கேட்கவில்லை. தம்பியை அனுப்பட்டுமா? அவன் வேலை மாறிவிட்டான், நடுவில் சில நாள் சும்மாதான் இருப்பான். அந்தக் கதையை அவனே சொல்லட்டும்.

செராமிக் உன்னோடு வருகிறதா, அங்கேயே இருக்கிறதா என்பதும் உன் மெயிலில் தெளிவாக இல்லை. அங்கேயே இருந்தாலும் நான் சொன்னது மாறாது. கெட்டில் தனியாகவே நிற்கும். மெதுவான சமையல் வேண்டுமென்றால், பிரிக்கெட்டை ஓரத்தோடு ஓரமாக வளைத்து இரண்டு வரிசை, மேலே இரண்டு வரிசை அடுக்கி, ஒரு முனையில் மட்டும் நெருப்பு வை. ஒன்றிலிருந்து ஒன்று பற்றிக்கொண்டு பல மணி நேரம் அதே சூட்டில் போகும். செராமிக் அளவு நிம்மதியாகத் தூங்க முடியாது, நடுவில் எழுந்து பார்க்க வேண்டியிருக்கும். ஆனாலும் நடக்கும். உன்னால் முடியும். இரும்பை 110-இல் நிறுத்த முடியாது என்று சொன்னவர்களுக்கெல்லாம் உன் போட்டோவை மறுபடியும் காட்டுவேன்.

ஒரு விஷயம் மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. அத்தைக்குத் தெரிவது எனக்குத் தெரிவதில்லை. எதைப் பற்றிச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும். நான் கோபப்படுவேன் என்று அவளிடம் சொன்னாயாம். எதற்குக் கோபப்படப் போகிறேன்? அடுப்பு விஷயத்தில் அபிப்பிராயம் கேட்க நான் தேவைப்படுகிறேன் அல்லவா, அது போதும், அதையாவது கேட்டாயே. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல், சொல்ல முடிந்தால்.

மாடி அறைக்கு வெள்ளை அடித்தாயிற்று. அம்மா திரைச்சீலையும் மாற்றிவிட்டாள், எதற்கு என்று கேட்டால் பழசாகிவிட்டதாம். அவளுக்கு முழங்கால் வலி முன்னைவிடப் பரவாயில்லை.

கெட்டிலை நீ வாங்கு, சிம்னியை நான் அனுப்புகிறேன். என்னிடம் பிரிக்காமல் ஒன்று இருக்கிறது. பழைய விலாசத்துக்கே அனுப்பட்டுமா என்று மட்டும் ஒரு வரி எழுது.

அன்புடன்,
அப்பா

பி.கு.: சமைத்து முடித்ததும் கெட்டிலைக் காரில் ஏற்றிவிடாதே. மேலே ஆறியது போலத் தெரிந்தாலும் சாம்பலுக்குள் கங்கு இரண்டு நாள்கூட உயிரோடு கிடக்கும், மூடிய காரில் அதுவும் அதே வாயுதான். மூடி உள்ள தகர வாளி ஒன்று வாங்கி, சாம்பலை அதில் கொட்டிச் சுவரை விட்டுத் தள்ளி வை. அலாரத்தை அழுத்திப் பார்த்துவிட்டுச் சொல்.