ஸ்கிப்பிங் கயிறும் வாசிப்பும்: 1 முதல் 5-ஆம் வகுப்புப் பெற்றோர் கவனத்துக்கு

வணக்கம். திங்கள் முதல் கடைசி பீரியடில் ஸ்கிப்பிங். கயிற்றின் நடுவைப் பிள்ளை மிதித்து நிற்க, கைப்பிடிகள் இரண்டும் அக்குள் வரை வந்தால் சரியான அளவு. நீளம் கூடினால் கயிறு தரையில் குவிந்து காலில் சிக்கும். "எனக்கு வராது"ன்னு பிள்ளைகள் ஒதுங்குவது பெரும்பாலும் இதனால்தான். வெட்ட வேண்டாம், கைப்பிடிக்குப் பக்கத்தில் முடிச்சுப் போடுங்கள், வளர்ந்ததும் அவிழ்த்துக்கொள்ளலாம். செருப்போடு குதிக்க வேண்டாம்.

வாசிப்புக்கு: ஒரு பக்கத்தில் ஐந்து சொற்களுக்கு மேல் தடுமாறினால் எளிய புத்தகமாக மாற்றிக் கொடுங்கள். எழுத்துக்கூட்டும்போது ஐந்து நொடி பொறுங்கள். ள, ழ திருத்தமெல்லாம் கதை முடிந்தபின்.

தண்ணீர் பாட்டில் நிறைந்தபடியே வீடு திரும்பினால் மெல்லக் கேளுங்கள். கழிப்பறை போகத் தயங்கியே குடிக்காத பிள்ளைகள் உண்டு. வகுப்பாசிரியரிடம் தனியாகச் சொல்லுங்கள்.