பதினாலாம் நம்பர் மேசையிலிருந்து ஒரு மடல்

பெங்களூருக்கு வெளிநாட்டு வணிகக் குழுக்களை அழைத்து வரும் இருநாட்டு வணிக மன்றத்தின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். பெங்களூர் பீன்யா தொழிற்பேட்டை, இரண்டாம் ஸ்டேஜில் ஆறு சி.என்.சி. லேத் (கம்ப்யூட்டரில் ஓடும் கடைசல் மெஷின்) வைத்து, பிற கம்பெனிகள் கேட்கும் பாகங்களைக் கடைந்து கொடுக்கும் ஜாப் ஒர்க் செய்கிறவன் எழுதுகிறேன். இதன் இங்கிலீஷ் பிரதி உங்கள் ஆபீசுக்குத் தனியாக வரும். தமிழில் எழுதக் காரணம் இருக்கிறது. எங்கள் தெருவில் பட்டறை வைத்திருக்கும் தருமபுரி, கிருஷ்ணகிரி, வேலூர்க்காரர்கள் படிக்கட்டும், நான் சொல்வதில் தப்பிருந்தால் திருத்தட்டும்.

போன முறை நீங்கள் ஓட்டலில் நடத்திய சந்திப்புக்கு நானும் வந்திருந்தேன். ஜி.எஸ்.டி.யோடு கட்டணம் கட்டி, மகள் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டை மாட்டிக்கொண்டு, ஒரு ஸ்வீட் டப்பாவில் பித்தளை புஷ்ஷும் ஸ்டீல் பின்னும் அடுக்கிக் கொண்டுவந்தேன். பதினாலாம் நம்பர் மேசை. ஆளுக்குப் பத்து நிமிஷம், மணி அடித்தால் அடுத்தவர். என் எதிரே உட்கார்ந்த நான்கு பேரில் மூன்று பேர் என்னிடம் விற்க வந்தவர்கள். ஒருவர் பேக்கிங் மெஷின், ஒருவர் சாப்ட்வேர், ஒருவர் கட்டிங் ஆயில். நான்காமவர் வாங்குகிறவர்தான்; ஆனால் அவர் தேடி வந்தது அலுமினிய டை காஸ்டிங். என் புஷ்ஷை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ரொம்ப நன்றாக இருக்கிறது என்றார், பத்திரமாக டப்பாவிலேயே வைத்தார். மணி அடித்தது.

வந்தவர்கள் மேல் எனக்கு வருத்தம் கிடையாது. யாராக இருந்தாலும் தன் சரக்கை விற்கத்தான் கடல் தாண்டி வருவார்கள். அழைப்பிதழில் ‘பையர் டெலிகேஷன்’, அதாவது வாங்குகிறவர்கள் குழு, என்று அச்சடித்தது நீங்கள். விற்க வந்தவர்கள் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் அன்றைக்கு இரண்டு லேத்துக்கு செட்டிங் போட்டிருப்பேன்.

என் அப்பா ஜாலஹள்ளியில், மெஷின் செய்யும் அரசு கம்பெனியான எச்.எம்.டி.யில் லேத் ஓட்டும் டர்னர். அந்தக் கம்பெனியே 1953-ல் சுவிட்சர்லாந்தின் ஓர்லிகானோடு கைகோத்து உருவானது. 1961-ல் வாட்ச் பாக்டரி வந்தபோது ஜப்பானின் சிட்டிசன். நீங்கள் இன்று மேடையில் பேசும் இருநாட்டு உறவுதான் இதெல்லாம், ஆனால் அது நடந்த இடம் ஷாப் புளோர். ஆரம்பத்தில் வந்த வெளிநாட்டு என்ஜினியர்கள், பையன்கள் தப்பாகத் தீட்டிய டூலை வாங்கித் தாங்களே கிரைண்டரில் தீட்டிக் காட்டுவார்களாம். அப்பாவின் சீனியர்கள் இதை அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். எச்.எம்.டி.யிலும் பி.இ.எல்.லிலும் எச்.ஏ.எல்.லிலும் அப்படிக் கை பழகியவர்கள் பலர் பிற்பாடு பீன்யாவில் சொந்தமாக லேத் போட்டார்கள். இது தெரியாமல் உங்கள் நிகழ்ச்சி நிரலில் ‘தொழிற்சாலைப் பார்வை’ என்றால் எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கண்ணாடிக் கட்டடம், பிறகு விதான சௌதா முன்னால் போட்டோ, காவேரி எம்போரியத்தில் சந்தன யானை!

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். 2023 ஜனவரியில் பி.ஐ.இ.சி. கண்காட்சி அரங்கில் இம்டெக்ஸ் என்ற மெஷின் கண்காட்சி நடந்தபோது ஒரு வெளிநாட்டுப் பெரியவர் என் கார்டைப் பார்த்துவிட்டு, இங்கிருந்து எவ்வளவு தூரம் என்றார். என் ஆம்னியிலேயே கூட்டி வந்தேன். டீ சொல்வதற்குள் மனுஷர் உள்ளே போய்விட்டார். கண்ணாடி அலமாரியில் நான் அடுக்கிவைத்திருந்த நல்ல பீஸ் பக்கமே திரும்பவில்லை. மூலையில் சிவப்புப் பெயின்ட் அடித்த, கழித்த பீஸ் போடும் ரிஜெக்ஷன் தொட்டி இருக்கிறதே, அதில் கையை விட்டு ஒன்றை எடுத்து, அளந்து பார்க்க மைக்ரோமீட்டர் கேட்டார். எனக்கு வியர்த்துவிட்டது. எங்கள் ஆப்பரேட்டர், பாலக்கோட்டுத் தம்பி, பதறவில்லை. “சாப்பாட்டு நேரத்துல மெஷின் ஆறிடும் சார். திரும்ப ஓட்டினா முதல் ரெண்டு பீஸ் பன்னெண்டு மைக்ரான் பெரிசா வரும். தனியா போட்டு நோட்ல எழுதி வெப்போம்” என்றார். நான் மொழிபெயர்த்தேன். பெரியவர் எண்ணெய்க் கறை படிந்த அந்த நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். தமிழும் கன்னடமும் கலந்த கிறுக்கலில் அவருக்கு என்ன புரிந்ததோ, தேதியும் நம்பரும் புரிந்திருக்கும். பதினைந்து நாளில் டிராயிங் வந்தது, 300 பீஸ் சாம்பிள் ஆர்டரோடு. இப்போது மாதம் ஒரு பெட்டி போகிறது.

இந்த நோட்டைப் பத்து நிமிஷ மேசையில் எப்படிக் காட்டுவது?

இந்தியா போட்ட வர்த்தக ஒப்பந்தங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் நாலு நாட்டோடும் போட்டது 2025 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கிறது; 15 ஆண்டில் 10,000 கோடி டாலர் முதலீடு என்று அதில் இலக்கு. பிரிட்டனோடு 2025 ஜூலை 24-ல் கையெழுத்தானது. திரையில் எல்லாம் காட்டினீர்கள், சந்தோஷம். என் சரக்கின் எச்.எஸ். கோடுக்கு (சுங்க வரிக்கான சரக்கு நம்பர்) அங்கே என்ன வரி, சரக்கு இங்கே செய்தது என்று காட்டும் ஒரிஜின் சர்ட்டிபிகேட்டுக்கு எந்தக் காகிதம் வேண்டும் என்று எழுந்து கேட்டேன். உங்கள் ஆடிட்டரைக் கேளுங்கள் என்று பதில் வந்தது. என் ஆடிட்டர் என்னைக் கேட்கிறார்.

அடுத்த குழு வருவதற்கு ஒரு வாரம் முன்பாவது, யார் வாங்க வருகிறார், யார் விற்க வருகிறார் என்று பெயருக்கு எதிரே எழுதி அனுப்புங்கள். வாங்குகிறவரிடம் டிராயிங் இருந்தால் அதையும். பிடிக்காத வேலைக்கு நாங்கள் வர மாட்டோம், உங்கள் சாப்பாட்டுச் செலவும் குறையும். அப்புறம், அரை நாள் பீன்யாவுக்கு ஒதுக்குங்கள். ரோடு மோசம்தான், மழை பெய்தால் எங்கள் தெருவில் குளம் கட்டும், ஏ.சி. கிடையாது, இல்லை என்று சொல்லவில்லை. பஸ் வேண்டாம், கொரகுண்டேபாளையாவில் மாட்டிக்கொள்வீர்கள். எம்.ஜி. ரோட்டில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் பச்சை லைனுக்கு மாறினால் பீன்யா இண்டஸ்ட்ரி ஸ்டேஷன். படியிறங்கும் இடத்தில் நானே நிற்கிறேன்.

ஷூ போட்டு வரச் சொல்லுங்கள், தரையில் கடைந்த உலோகச் சுருள் கிடக்கும். ஆயுத பூஜை வாரம் மட்டும் வேண்டாம். மெஷினுக்கு மாலை போட்டிருப்போம், ஓடாது. பொரியும் சுண்டலும்தான் கிடைக்கும்.

இப்படிக்கு,
பீன்யாவிலிருந்து ஒரு பட்டறைக்காரன்