பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது

பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. அண்ணன் வீடு மாறிவிட்டான், புது முகவரியை அவனே அனுப்புவான். மாடி அறை விஷயத்தை இதில் எடுக்கப்போவதில்லை, பயப்படாதே.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். காரணம் இருக்கிறது, அப்புறம் சொல்கிறேன்.

முதலில் உன் காது. இசை வாசிக்கும்போது அடைப்பான் போட்டுக்கொள்கிறாயா? 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம் என்பது கணக்கு. அதற்கு மேல் 3 டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகிவிடும். 88 என்றால் 4 மணி, 91 என்றால் 2 மணி. இப்படியே இறங்கிக்கொண்டு போனால் 100 டெசிபலுக்கு வெறும் கால் மணி நேரம்தான். நீ நிற்கிற இடங்களில் 100 என்பது சாதாரணம். நீ விடிய விடிய நிற்கிறாய். நுரை அடைப்பான் மேல் ஒலிகளை அதிகமாக விழுங்கிவிடும், இசை மந்தமாகிவிடும் என்று நீ முன்பு சொன்னது நினைவிருக்கிறது. எல்லா ஒலியையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கிற வகை, இசைக்காரர்களுக்கென்றே, காதை அச்செடுத்துச் செய்து தருகிறார்களாமே, அதை வாங்கிக்கொள். பணம் வேண்டுமானால் சொல்.

சரி, உன் புது ஆல்பம். கேட்டேன். முழுவதும் கேட்டேன். ஒரு தடவை அல்ல.

முதல் தடவை எனக்குக் கோபம்தான் வந்தது. போன ஆல்பத்தில் என்ன இல்லை? வயலின், குரல், மேலே பறக்கிற கீபோர்டு, நடுவில் மழைச் சத்தம்கூட. நாற்பது அடுக்கு என்று நீயே பெருமையாகச் சொன்னாய். இதில் எண்ணிப் பார்த்தேன், ஐந்து சத்தம். கீழே ஒரு அடி. அதற்குப் பக்கத்தில் உருண்டுகொண்டே வரும் ஒரு தடித்த ஒலி. ஒற்றைச் சுரத்தில் ஒரு தட்டல். அதன் எதிரொலி. தூரத்தில் யாரோ கதவைச் சாத்துவது போல ஒன்று. அவ்வளவுதான், பதினொரு நிமிடம். வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனவர்களின் கூடத்தில் நிற்கிற மாதிரி இருந்தது. போன ஆல்பத்தில் பாடிய அந்தப் பெண்ணின் குரலும் எங்கேயும் இல்லை. அவள் நலமாக இருக்கிறாளா? சும்மா கேட்கிறேன்.

அப்புறம் நீ விடுமுறையில் வந்தபோது சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்திக்கொண்டேன். நானும் கொஞ்சம் படித்தேன். கார் செய்கிற டெட்ராய்ட் நகரத்தில் இந்த டெக்னோ என்கிற மின்னணு நடன இசை பிறந்தது, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அது வேகம் கூடி, சத்தம் கூடி, ஒன்றின் மேல் ஒன்றாக அடைத்துக்கொண்டே போனது, அப்போது அதே ஊர்க்காரரான ராபர்ட் ஹூட் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு எலும்புக்கூட்டை மட்டும் வைத்து 1994இல் ‘மினிமல் நேஷன்’ செய்தார் என்றெல்லாம். ஆக, உன்னுடையதும் ஒரு வழிதான், சும்மா வந்த வெறுமை இல்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அந்த ஹூட் இப்போது தன் மகளோடு சேர்ந்து ‘ஃப்ளோர்பிளான்’ என்ற பெயரில் வாசிக்கிறாராமே. அப்பாவும் மகளுமாக. அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாவது டிராக்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சொன்னால் நீ சிரிப்பாய். அந்த ஒற்றைச் சுரத் தட்டலை நீ ஏழு கட்டத்தில் சுற்ற வைத்திருக்கிறாய், சரிதானே? கீழே அடி பதினாறு கட்டத்தில் ஓடுகிறது. யாரும் சொல்லித் தரவில்லை, நானே கண்டுபிடித்தேன். மேசையில் விரலால் தட்டிப் பார்த்தேன், தட்டல் ஒவ்வொரு சுற்றிலும் வேறு இடத்தில் வந்து விழுந்தது. உடனே புரிந்துவிட்டது. இது பற்சக்கரக் கணக்கு. 16 பல் சக்கரமும் 7 பல் சக்கரமும் கோத்துச் சுற்றினால், முதலில் சந்தித்த இரண்டு பல்லும் மறுபடி சந்திக்க 112 பல் நகர வேண்டும். பற்கள் ஒரே இடத்தில் தேயாமல் இருக்க நாங்கள் வேண்டுமென்றே அப்படித்தான் எண்ணிக்கை வைப்போம். 112 கட்டம் என்றால் உன் கணக்கில் ஏழு சுற்று. ஓர் அடிக்கு நான்கு கட்டம், நிமிடத்துக்கு 128 அடி என்று வைத்துக்கொண்டால் 13 வினாடி. கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன், 13 வினாடிக்கு ஒருமுறை இரண்டும் ஒன்றாக விழுந்தன. ஒவ்வொரு முறையும் எனக்குள் ஏதோ ஒன்று ‘டக்’கென்று பொருந்தியது. அன்றைக்கு எனக்கு உன் மேல் இருந்த பெருமையை யாரிடம் சொல்வது? அம்மாவிடம் சொன்னேன். “பாட்டு எப்ப வரும்?” என்றாள்.

ஆனால் உன் இசையை எப்படிக் கேட்க வேண்டும் என்று எனக்கு முன்பே தெரியும், பாப்பா. 31 வருஷம் அதைத்தான் செய்தேன். ஆலைக்குள் நுழைந்தால் ஒரே இரைச்சல், புதிதாக வருகிறவனுக்குத் தலை வெடித்துவிடும். எங்களுக்கு அது இரைச்சலே இல்லை, தரை. எப்போதும் இருப்பதால் அது மறைந்துவிடும். மறைந்த பிறகுதான் வேலை ஆரம்பிக்கும். ஒரு பேரிங் வறண்டு போகத் தொடங்கினால் அந்தத் தரையில் ஒரு மயிரிழை மாறும். ஸ்க்ரூடிரைவர் நுனியைப் பேரிங் உறையின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு சேர்த்து அழுத்திக் கேட்பேன். எந்தப் பேரிங், இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவேன், பெரும்பாலும் தப்பாது. உன் ஐந்தாவது டிராக்கில் அந்தத் தடித்த ஒலியின் மூடி மூன்று நிமிடமாக மெல்லத் திறக்கிறதே, ஃபில்டர் என்பாயே, அது திறக்கிறது என்று ஒரு கட்டத்திலும் தெரியவில்லை, திறந்துவிட்டது என்று மட்டும் தெரிந்தது. அதைக் கேட்டபோது ஆலையில் நின்ற மாதிரியே இருந்தது. நீ அங்கே வந்ததே இல்லை. எங்கிருந்து எடுத்தாய்?

இதையெல்லாம் அன்றைக்கே உனக்கு எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அதற்கு முன்பே ஒரு வரி அனுப்பித் தொலைத்திருந்தேன். ‘எல்லாம் சரி, தாளத்தில் பாதியைக் காணோமே, மேலே வர வேண்டிய தாளத் தட்டு, அந்த ஹை-ஹாட்டையும் எடுத்துவிட்டாயா?’ என்று. நீ பதில் போடவில்லை. ஒரு வரிக்குக் கோபித்துக்கொள்கிற பெண்ணா நீ என்று எனக்கும் கோபம். மூன்று மாதமாக ‘நலம்’ என்ற ஒற்றைச் சொல்லைத் தவிர உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. அப்பாவுக்கு ஒரு சொல் போதும் என்று முடிவு செய்துவிட்டாயா? உன் இசையில் எதை வேண்டுமானாலும் குறைத்துக்கொள், எங்களிடம் பேசுவதையுமா குறைப்பது?

போன வாரம் அண்ணன் மகள் வந்திருந்தாள். உன் ஆல்பத்தைப் போட்டுக்காட்டினேன். அத்தையின் இசை என்றதும் உட்கார்ந்துவிட்டாள். நீ முன்பு எனக்காக வரைந்து தந்த 16 கட்டம் போட்ட தாள் என்னிடம் இன்னும் இருக்கிறது, அதை அவள் முன்னால் விரித்தேன். 1, 5, 9, 13இல் கீழ் அடி விழும், பார் என்று காட்டினேன். அவளோ 3, 7, 11, 15இல் விரல் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தாள். தப்பு என்றேன். “இல்ல தாத்தா, இங்கதான் டிச் டிச்னு வருது” என்றாள். எங்கே வருகிறது என்றேன். “பாட்டு முழுக்க வருதே, உங்களுக்குக் கேக்கலையா?”

ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் போனேன். ஹெட்போன் போட்டேன். சத்தத்தைக் கூட்டினேன், அவள் காதைப் பொத்திக்கொண்டாள். எனக்கு ஒன்றும் வரவில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றிக் காதில் வைத்தேன். அதுவும் ஓடவில்லை. முள் மட்டும் நகர்ந்துகொண்டிருந்தது.

நீ எதையும் எடுக்கவில்லை, பாப்பா. ஹை-ஹாட் அங்கேதான் இருக்கிறது. ஐந்து சத்தம் என்று எண்ணினேனே, எத்தனை இருக்கிறதோ.

மருத்துவரிடம் போனேன், அம்மாவுக்குத் தெரியாமல். கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார வைத்து, ஒலி கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். பொத்தானை அழுத்தாமல் நீண்ட நேரம் உட்கார்ந்திருப்பது பரீட்சையில் வெறும் தாளை நீட்டுவது போல இருந்தது. வரைபடத்தைக் காட்டினார்கள். 1000 ஹெர்ட்ஸ் வரை கோடு ஓரளவு நேராக வருகிறது. அதற்குப் பிறகு படிக்கட்டு மாதிரி இறங்குகிறது. 4000இல் ஒரு பள்ளம். மருத்துவர் அந்தப் பள்ளத்தைப் பார்த்துவிட்டு, வயதைக்கூடக் கேட்காமல், “என்ன வேலை பார்த்தீர்கள்?” என்றார். உள்காதில் இருக்கும் மயிர்ச்செல்கள் செத்தால் திரும்ப முளைக்காதாம். பஞ்சாலையில் 31 வருஷம் இருந்தவன், காதில் ஒரு துண்டுப் பஞ்சுகூட வைத்ததில்லை. வைத்தால் பேரிங் பேசுவது கேட்காது என்று வீறாப்பு. பக்கத்தில் வேலை பார்த்த பையன்களையும் வைக்கவிட்டதில்லை, கிண்டல் செய்தேன். அவர்கள் இப்போது எப்படி இருக்கிறார்களோ.

அதனால்தான் சொல்கிறேன், அடைப்பான் போட்டுக்கொள்.

ஆனால் இந்தக் கடிதத்தை நான் எழுத உட்கார்ந்தது இதற்காகவும் இல்லை.

மேல் ஒலிகள் போனால் இசை மட்டும் போவதில்லை, பேச்சும் போகிறது. அதுவும் எல்லாம் ஒரே மாதிரிப் போவதில்லை. பள்ளிக்கூடத்தில் படித்தோமே, வல்லினம், மெல்லினம், இடையினம். எனக்கு உயிரெழுத்து நன்றாகக் கேட்கிறது, மெல்லினம் கேட்கிறது, ல, வ, ள எல்லாம் வந்துவிடுகிறது. வல்லினம்தான் விழுந்துவிடுகிறது. எதிரில் ஆள் இருந்தால் வாயைப் பார்த்துச் சமாளித்துவிடுவேன். போனில் முடியாது. இரண்டு வருஷமாகவே முடியவில்லை. “கேட்கவில்லை, திரும்பச் சொல்” என்று உன்னிடம் சொல்ல வெட்கம். பேரிங் நோவதைக் கேட்டவன், மகள் பேசுவது கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வான்? “சரி”, “நல்லது”, “பார்த்துக்கோ” என்று மூன்று சொல்லை வைத்துக்கொண்டு ஒப்பேற்றினேன். உனக்கு அது அக்கறையில்லாத மாதிரி இருந்திருக்கும். அப்பாவுக்குப் பேசப் பிடிக்கவில்லை போல என்று நீ சீக்கிரம் வைத்துவிடுவாய். எனக்கும் அப்பாடா என்று இருக்கும். அந்த ‘அப்பாடா’வைத்தான் இப்போது என்னால் மன்னிக்க முடியவில்லை.

மூன்று மாதத்துக்கு முன்பு நீ இரவில் கூப்பிட்டாய். அம்மா அண்ணன் வீட்டில் இருந்தாள். நீ மெதுவாகப் பேசினாய், நடுவில் நிறைய நிறுத்தினாய். எனக்குக் கேட்டது ‘இனிமேல்’. கடைசியில் ‘இல்லை’. நடுவில் இருந்த ஒரு சொல் விழுந்துவிட்டது. நான் வழக்கம்போல, “ரொம்ப நல்லது” என்றேன். நீ கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் வைத்துவிட்டாய். அதற்குப் பிறகுதான் ‘நலம்’ ஆரம்பித்தது.

அம்மா வந்ததும் என்ன சொன்னாள் என்று கேட்டாள். வேலை பற்றி ஏதோ என்றேன். அதுவும் பொய்.

அந்த நடுச் சொல்லை மூன்று மாதமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். வல்லினமாகத்தான் இருக்க வேண்டும். ‘பாட்டு’ என்று இருந்தால் நிம்மதி. இனிமேல் பாட்டு இல்லை, இப்படித்தான் செய்யப்போகிறேன் என்று சொல்லியிருந்தால், நான் சொன்ன பதில் சரியான பதிலே. ஆனால் ‘காசு’ என்றும் இருக்கலாம். ‘தூக்கம்’ என்றும் இருக்கலாம். ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டால் ‘காது’ என்றுதான் தோன்றுகிறது. அதற்குப் போய் ரொம்ப நல்லது என்றேனா?

எதுவாக இருந்தாலும் எழுது. காதுக்கு மெஷின் வாங்கச் சொல்லியிருக்கிறார்கள், வாங்குவேன், வாங்கியதும் மூன்றாவது டிராக்கைத்தான் முதலில் கேட்பேன். அதுவரை போன் வேண்டாம். எழுது. பெரிய எழுத்தாக வேண்டியதில்லை, கண் நன்றாகத்தான் இருக்கிறது.

அப்பா