கார்டிஃப் விலங்குச் சுவர்

ஆசிரியருக்கு,

வேல்ஸ் தலைநகர் கார்டிஃப் பற்றிய பயணக் கட்டுரையில், கோட்டையை ஒட்டிய, கல் விலங்குகள் அமர்ந்த விலங்குச் சுவர் முழுவதையும் கட்டிடக் கலைஞர் வில்லியம் பர்ஜஸ் காலத்துப் படைப்பாகக் குறித்திருக்கிறீர்கள். பர்ஜஸ் 1881இலேயே காலமானார். திட்டம் அவருடையது, முதல் ஒன்பது விலங்குகளைச் செதுக்கியவர் தாமஸ் நிக்கோல்ஸ். கோட்டை வாசலருகே இருந்த சுவர், 1920களில் சாலையை அகலப்படுத்தியபோது பியூட் பூங்கா ஓரத்துக்கு இடம் மாறியது. கூழைக்கடா, எறும்புத்தின்னி, ரக்கூன்கள் உள்ளிட்ட ஆறு சிற்பங்களை 1931இல் சேர்த்தவர் அலெக்சாண்டர் கேரிக்.

இரண்டையும் பிரித்தறிய வழிகாட்டியே வேண்டாம், கண்ணைப் பார்த்தால் போதும். நிக்கோல்ஸின் விலங்குகளுக்குக் கண்ணாடிக் கண்கள். கேரிக்கின் சிற்பங்களில் அவை கிடையாது. கல்லின் நிறமும் சற்றுச் சிவப்பு.

எறும்புத்தின்னியின் மூக்கு உடைந்துபோய், 2010 சீரமைப்பில்தான் திரும்பக் கிடைத்தது. நீண்டு மெலிந்த பாகம்தானே முதலில் போகும்! இத்தகைய பழைய கல்லைச் சிமெண்டால் ஒட்டுவது பெரும் தவறு. சிமெண்ட் ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும்; உறைபனியில் அந்த நீர் விரிந்து, ஒட்டைச் சுற்றியுள்ள கல்லே பெயர்ந்துவிடும். சுண்ணாம்புச் சாந்துதான் ஏற்றது.

மத்தியச் சதுக்கத்தில் 2021இல் திறக்கப்பட்ட, ஈவ் ஷெப்பர்ட் வடித்த பெட்டி கேம்பல் சிலையைக் கட்டுரை விட்டுவிட்டது வியப்பு. கேம்பல் வேல்ஸின் முதல் கறுப்பினத் தலைமையாசிரியை.

இப்படிக்கு,
சிற்பக்கலை ஆர்வலர்