கரை தாங்குகிற வள்ளம்

மக்கா,

நீ அனுப்பின போட்டோக்களை மூன்று தடவை பார்த்தேன். 36 அடி, முன்பக்கம் அணியத்தில் கூரை, இரண்டு பேர் காலை நீட்டிப் படுக்க இடம், பின்னால் 40 குதிரைசக்தி மோட்டார். நல்ல படகு, குறை சொல்ல ஒன்றுமில்லை. பஹ்ரைனில் ஆறு வருஷம் அடுத்தவன் லாஞ்சில் வேலை செய்துவிட்டு, இனி சொந்தமாக ஒன்று வேண்டும் என்று நீ நினைப்பது எனக்குப் பெரிய சந்தோஷம். உங்கம்மா அன்றைக்கே குருசடியில் மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்தாள். வாங்காதே என்று நான் சொல்லவில்லை. எத்தனை அடி என்பதில்தான் உன்னோடு பேச வேண்டியிருக்கிறது. போனில் பேசினால் பாதியில் கட் ஆகிவிடுகிறது, அதனால் எழுதுகிறேன்.

வருஷத்தில் எத்தனை ராத்திரி நீ கடலில் தங்கப்போகிறாய்? கணவாய் மீன் சீசனில் பத்து, பன்னிரண்டு. கூடிப்போனால் பதினைந்து. மற்ற நாளெல்லாம் விடியுமுன் போய் ஏலத்துக்குத் திரும்புகிற தொழில்தான். பதினைந்து ராத்திரி காலை நீட்டிப் படுப்பதற்காக இருநூறு காலை கஷ்டப்படுத்துகிற வள்ளத்தை வாங்கிவிடாதே.

நீ இப்போது பார்க்கிற படகெல்லாம் துறைமுகத்தில் கயிற்றில் கிடக்கிற படகு. நமக்கு அது இல்லை. குளச்சலுக்கோ முட்டத்துக்கோ கொண்டுபோய்க் கட்டினால் தினமும் போகவர ஆட்டோவுக்கும், ராத்திரி காவலுக்கும் கணக்குப் போட வேண்டும். நம்ம கரையில் என்றால் மணலில்தான் ஏற்ற வேண்டும். 28 அடி வள்ளத்தை, மோட்டாரைக் கழற்றி, வலையையும் பெட்டியையும் இறக்கிவிட்டால், எட்டுப் பேர் தள்ளி ஏற்றிவிடுவார்கள். 36 அடி என்பது எட்டடிதானே கூடுதல் என்று தோன்றும். நீளம் கூடும்போது அகலமும் உயரமும் சேர்ந்து கூடுகிறது. அதே வாக்கில் பெரிதாக்கிப் பார், பாரம் ஏறக்குறைய இரண்டு மடங்கு வரும். மோட்டாரும் அப்படித்தான். 9.9 குதிரைசக்தி மோட்டார் நாற்பது கிலோ பக்கம், ஒருத்தன் தோளில் வைத்து நடந்துவிடுவான். 40 குதிரைசக்தி எழுபது கிலோவுக்கு மேல். அதைத் தூக்கிக்கொண்டு நனைந்த மணலில் நடப்பது வேறு வேலை.

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. சுனாமிக்குப் பிறகு ஊரெல்லாம் ஃபைபர் வள்ளம் வந்து நிறைந்தபோது, எல்லாரையும் விட ஒரு கை கூடுதலாக இருக்கட்டும் என்று 34 அடி வாங்கினேன். நீ அப்போது சின்னப் பையன். உங்கம்மாவின் நகை அடகுக்குப் போனது அதற்காகத்தான். முதல் மாதம் நன்றாகத்தான் ஓடியது. ஆனி வந்தது, கடல் சீறத் தொடங்கியது. அலை இரண்டு நிமிஷம் அடங்குகிற நேரம் பார்த்து வள்ளத்தை இறக்க வேண்டும், அந்த நேரத்தில் பதினைந்து பேர் கூட நிற்க வேண்டும். எல்லாருக்கும் அவரவர் வள்ளம் இருக்கிறது, யார் வருவார்கள்? பக்கத்து வள்ளங்கள் போய்ச் சாளையோடு திரும்பி வரும், என்னுடையது கரையில் தென்னைக்கு அடியில் நிற்கும். இரண்டு வருஷத்தில் விற்றேன். அந்த நகையில் பாதி திரும்பி வரவில்லை.

அதற்காகச் சின்னதாக வாங்கு என்றும் சொல்லமாட்டேன். அதற்கு முன்னால் உன் சித்தப்பாவுடைய 22 அடி வள்ளத்தில் ஒரு ராத்திரி தங்கினோம். நாலு பேர், இரண்டு ஐஸ் பெட்டி, மூன்று கேன் மண்ணெண்ணெய். கரையில் நிற்கும்போது போதும் போலத்தான் தெரிந்தது. நங்கூரம் போட்டதும் பார்த்தால், விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடையில் ஒரு முழம்கூட இல்லை. ஒருவன் காலை மடக்கினால்தான் இன்னொருவன் காலை வைக்க முடியும். நடுச்சாமத்தில் காற்று திரும்பியது. பெரிய காற்று ஒன்றுமில்லை, ஆனால் ஒவ்வொரு அலையும் விளிம்பைத் தொட்டு உள்ளே கொஞ்சம் ஊற்றிவிட்டுப் போனது. வெட்டின கேனை வைத்து விடியும்வரை மாறி மாறி இறைத்தோம். மண்ணெண்ணெய் கலந்த உப்புத் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே தோலை எரித்துவிட்டது. பிடித்த கணவாயில் பாதி அந்தத் தண்ணீரிலேயே கிடந்து ஏலத்தில் யாரும் தொடவில்லை.

அதனால் என் எண்ணத்தில் இருப்பது 30 அடி. குறுக்கே ஆறரை அடிக்குக் குறையக் கூடாது. உள்ளே நின்றால் விளிம்பு உன் தொடைக்கு வர வேண்டும். நாலு ஆள், வலை, ஐஸ், எண்ணெய் எல்லாம் ஏற்றின பிறகு தண்ணீருக்கு மேல் எவ்வளவு நிற்கிறது என்பதுதான் பார்க்க வேண்டிய உயரம், படகு கட்டுகிற யார்டில் காலியாக நிற்கிற உயரம் இல்லை. பத்துப் பேர் இருந்தால் கரையேற்றிவிடலாம், பத்துப் பேர் நம்ம கரையில் என்றைக்கும் கிடைப்பார்கள். கூரை வேண்டாம், மக்கா. காற்றைப் பிடிக்கும், தூண்டில் இழுக்கிறவனுக்குத் தலையில் இடிக்கும். தங்கப் போகிற அன்றைக்கு இரண்டு மூங்கிலும் ஒரு தார்ப்பாயும் போதும், விடிந்ததும் சுருட்டி வைத்துவிடலாம்.

மோட்டாருக்கு ஒரே 40 வேண்டாம், இரண்டு 9.9 போடு. ஒன்று நின்றுபோனால் மற்றொன்று கரை சேர்க்கும். ராத்திரி தங்கல் போகிறவனுக்கு இது ஆடம்பரம் இல்லை. ஒரு 9.9 மணிக்கு ஐந்து லிட்டர் பக்கம் குடிக்கும். ஒன்றை மட்டும் ஓட்டி மூன்று மணி நேரம் போனால், போகவர முப்பது லிட்டர். அதற்கு மேல் பதினைந்து லிட்டர் தொடாமல் வைத்துக்கொள்ள வேண்டும். பெரிய மோட்டார் இதைப் போல மூன்று மடங்காவது குடிக்கும், மானிய மண்ணெண்ணெய் எந்த மூலைக்கு? ஐஸ் மீனுக்குச் சமமாக வேண்டும், நூறு கிலோ எதிர்பார்த்தால் நூறு கிலோ ஐஸ். இந்தப் பாரத்தை எல்லாம் பின்னாலேயே வைத்தால் அணியம் தூக்கிக்கொள்ளும், நடுவில் பெட்டிக்கு இடம் விட்டுக் கட்டச் சொல்.

ஒக்கிப் புயலை நினைத்துப் பார்க்கிறேன். 2017 நவம்பர் 29 சாயங்காலம் போனவர்களில் எத்தனை பேர் திரும்பவில்லை என்பது உனக்கே தெரியும், நம்ம தெருவிலேயே இரண்டு வீடு. திரும்பி வந்த ஒருவரோடு அப்புறம் பேசிக்கொண்டிருந்தேன். வள்ளம் கவிழ்ந்தது, ஆனால் முங்கவில்லை, கவிழ்ந்த முதுகில் கயிற்றைக் கட்டிப் பிடித்துக் கிடந்தேன் என்றார். முங்காததற்குக் காரணம் அணியத்திலும் பின்பக்கம் அமரத்திலும் அடைத்திருந்த தெர்மாகோல்தான். 36 அடியோ 28 அடியோ, அந்தப் புயலுக்கு முன்னால் எல்லாம் ஒன்றுதான். அதனால் அந்த இரண்டு அறையும் அடைத்து மூடியிருக்கிறதா என்று நீயே கண்ணால் பார்க்காமல் பணம் கொடுக்காதே. மூடின பிறகு காட்டினால் நம்பாதே.

யார்டில் இன்னும் இரண்டு வேலை இருக்கிறது. வெயில் இறங்கின பிறகு போ. ஒருவனை உள்ளே இறக்கி, செல்போன் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடிக்கச் சொல். வெளியிலிருந்து பார்த்தால் வெளிச்சம் ஒரே சீராகத் தெரிய வேண்டும். ஓரிடத்தில் பளிச்சென்று தெரிந்தால் அங்கே ஃபைபர் பாய் குறைவாகப் போட்டிருக்கிறான். குமிழும் அதிலேயே தெரிந்துவிடும். இருட்டாகப் பெயிண்ட் அடித்தது என்றால் ஐந்து ரூபாய் நாணயத்தால் தட்டிக்கொண்டே போ. டக் டக் என்று கெட்டியாகக் கேட்கிற இடம் சரி, பொத்தென்று கேட்டால் உள்ளே ஒட்டவில்லை. நான் வாங்கினதில் ஒரு வள்ளத்தை இப்படித் தட்டாமல் வாங்கி, அடுத்த வருஷமே அடியில் நீளமாக ஓடுகிற ஏராவுக்குப் பக்கத்தில் உரிந்து வந்தது.

ராத்திரி தங்கும்போது ஒருவன் விழித்திருக்க வேண்டும், கம்பத்தில் வெள்ளை விளக்கு எரிய வேண்டும். நம்ம தெற்கே கப்பல் ஓயாமல் போகிற பாதை. நங்கூரக் கயிறு ஆழத்தைப் போல மூன்று மடங்காவது வை. இரண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம், முப்பது பாக ஆழத்தில் நிற்கப்போனால் கயிறு தொண்ணூறு பாகம். மீன்துறைப் பதிவையும் இன்ஷூரன்ஸையும் நான் பார்த்துக்கொள்கிறேன், உன் ஆதார் நகலை மட்டும் அனுப்பு.

போட்டோவில் உள்ள படகுக்கு அட்வான்ஸ் எதுவும் போட்டுவிடாதே. நீ ஊருக்கு வந்ததும் முதல் காலையில் கரைக்கு வா. தெற்கு வீட்டு மாமாவுடையது 30 அடிதான். அதை நாம் இரண்டு பேரும் சேர்ந்து தள்ளிப் பார்ப்போம், ஒரு ராத்திரி தங்கியும் பார்ப்போம், பிறகு யார்டுக்குப் போகலாம். அதற்குப் பிறகும் பெரிது வேண்டும் என்று உனக்குத் தோன்றினால், அப்போது பேசலாம்.

வரும்போது லைஃப் ஜாக்கெட் நாலு வாங்கி வா, அங்கே சாமான் நன்றாக இருக்கும். உன் சித்தப்பாவுக்கு மட்டும் பெரிய சைஸ்.

அன்புடன்,
அப்பா